கொல்லை வீட்டுக்குப் பறவை வரவழைப்பதும், வந்தது எது என்று கண்டுபிடிப்பதும்

பாலக்கோடு, காவேரிப்பட்டணம், அரூர் பக்கம் கொல்லையிலேயே, அதாவது பயிர் நிலத்திலேயே, வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்குப் பறவைகளைக் கூப்பிடுவது அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை. பாதிப் பறவைகள் ஏற்கெனவே உங்கள் மாந்தோப்பிலும் புளியமரத்திலும்தான் இருக்கின்றன. அவை வாசல்வரை வராததற்குக் காரணம் பெரும்பாலும் நாம் செய்யும் சுத்தம். வேலியை வெட்டிக் கம்பி கட்டி, சருகையெல்லாம் கூட்டி எரித்து, பட்ட மரத்தை விறகாக்கி, முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டு, அப்புறம் ஆன்லைனில் பிளாஸ்டிக் தீனிக்கூடு வாங்கித் தொங்கவிட்டால் புறாவும் அணிலும்தான் வரும். இங்கே முக்கால்வாசி வேலை இருப்பதை விட்டுவைப்பதுதான்.

முதலில் தண்ணீர். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மழை செப்டம்பர், அக்டோபரை ஒட்டிக் கொட்டிவிட்டுப் போனால் போனதுதான். மாசி பிறந்ததும் குட்டைகள் வற்றத் தொடங்கும், பங்குனி சித்திரையில் அணில் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் குடிக்கும் அளவுக்கு வறட்சி. அந்த நேரத்தில் தீனி வைக்கும் வீட்டைவிடத் தண்ணீர் வைக்கும் வீட்டுக்குத்தான் அதிக வகைப் பறவைகள் வரும். தானியம் தின்னாத மாங்குயிலுக்கும் ஈப்பிடிப்பானுக்கும்கூடத் தாகம் உண்டே.

அகலமான மண் தட்டு போதும், பானை விற்பவரிடம் பெரிய பானை மூடி கேட்டால் கிடைக்கும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் சொரசொரப்பான ஒரு கல்லை வையுங்கள், சிட்டு அளவுப் பறவைகள் அதில் நின்றுதான் குடிக்கும், குளிக்கும். தட்டைப் புதருக்குள் வைத்தால் பூனை ஒளிந்திருந்து பிடிக்கும். வெட்டவெளியில் வைத்தால் வேட்டைப் பறவையான வைரிக்குப் பயந்து ஒன்றும் இறங்காது. முள்செடியிலிருந்து ஆறேழு அடி தள்ளி, நிழல் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றி, தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துவிடுங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் தினம் மாற்றினால் கொசுத் தொல்லை கிடையாது. பழைய சின்னப் பானையில் ஊசி ஓட்டை போட்டு, துணித்திரி செருகி, தட்டுக்கு நேர் மேலே கிளையில் கட்டிவிட்டால் சொட்டுச் சொட்டாக விழும். அந்தச் சத்தமும் தண்ணீர் அசைவதும் தூரத்தில் போகும் பறவையைக்கூட இழுத்துவரும். இன்னொன்று, மாடு குடிக்கும் தொட்டியிலும் திறந்த சிமெண்ட் தொட்டியிலும் ஒரு பலகையையோ கிளையையோ சாய்த்துப் போட்டுவையுங்கள், தவறி விழும் குஞ்சும் அணிலும் அதைப் பிடித்து ஏறிவிடும். மாம்பூவுக்கு மருந்து அடிக்கும் நாளில் தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு மறுநாள் கழுவி வையுங்கள்.

தீனி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் எல்லோரும் அதிக ஆசைப்படுகிறார்கள். அறுவடையின்போது கம்பங்கதிர், சாமைக்கதிர் கொஞ்சம் எடுத்துவைத்து, கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். சிட்டுக்குருவியும் சில்லையும் தொங்கிக்கொண்டே தின்னும். தரையில் இறைப்பதானால் கைப்பிடி அளவு போதும். படி படியாகக் கொட்டினால் மயில் பழகிவிடும், அப்புறம் அது உங்கள் கேழ்வரகுக் கொல்லைக்கும் கடலைக் கொல்லைக்கும் குடும்பத்தோடு வரும். உப்பு போட்ட சாதம், மிக்சர், பூஞ்சை பிடித்த கடலை எதுவும் வேண்டாம்.

உண்மையான சாப்பாடு செடியிலும் மரத்திலும்தான் இருக்கிறது. இடம் குறைவு என்றால் ஒரு முருங்கை, ஒரு தேன்பழ மரம், வேலியோரம் செம்பருத்தி, இவ்வளவே போதும். முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வராத நாள் கிடையாது. தேன்பழ மரம் நட்ட இரண்டு வருஷத்துக்குள் காய்க்கத் தொடங்கிவிடும். சின்னானும் குக்குறுவானும் குயிலும் அதை விட்டு நகராது. இடம் இருந்தால் நாவல், அத்தி, சந்தனம். சந்தனப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதே பறவைகள்தான், வரப்போரம் யாரும் நடாமல் சந்தனக்கன்று முளைப்பது அப்படித்தான். வேலியில் காரை, சூரை, களா, இலந்தை தானாக வளர்ந்திருந்தால் கை வைக்காதீர்கள், பழத்துக்குப் பழம், கூட்டுக்குக் கூடு. ஊரெல்லாம் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடியை மட்டும் புதிதாக வைக்க வேண்டாம், அதன் பழத்தையும் பறவை தின்னும் என்றாலும் மற்ற எதையும் அது வளரவிடாது.

மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் புல்லுருவியைப் பார்த்தாலே அரிவாளை எடுப்பார்கள், நியாயம்தான், கிளையையே சாப்பிட்டுவிடும். ஆனால் வெட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் அதன் அடியில் நின்று பாருங்கள். கட்டைவிரல் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய, சாம்பல் பச்சையில் ஒரு குருவி ‘சிக் சிக்’ என்று கத்திக்கொண்டு வரும், அதுதான் பூக்கொத்தி. புல்லுருவிப் பழத்தை விழுங்கும். விதையைச் சுற்றிப் பசை இருப்பதால் அது லேசில் கீழே விழாது, குருவி கிளையில் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். ஒட்டிய இடத்தில் அடுத்த புல்லுருவி. நல்ல மரத்தில் இருப்பதை வெட்டுங்கள், ஓரத்தில் காய்க்காமல் நிற்கும் ஒரு மரத்தில் கொஞ்சம் விட்டுவையுங்கள் என்பது என் கட்சி. தோப்புக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பட்ட மரம், மொட்டைத் தென்னை, காய்ந்த முருங்கைக் கிளை ஆகியவை ஆள் மேலே விழும் இடத்தில் இல்லை என்றால் அப்படியே நிற்கட்டும். மரங்கொத்தியும் குக்குறுவானும் துளை போடும், அவை காலி செய்த பொந்தில் மைனா, கிளி, புள்ளி ஆந்தை என்று யாராவது குடிவருவார்கள். சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பதானால் வாசல் துளை 32 மில்லிமீட்டர் இருக்கட்டும். பெரிதாகப் போட்டால் மைனா புகுந்துவிடும். எட்டடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், பூனை ஏற முடியாதபடி ஆணி அடியுங்கள். மாமரத்தடியில் சருகை ஒரு பக்கமாவது எரிக்காமல் விடுங்கள், தவிட்டுக்குருவிக் கூட்டம் அதைப் புரட்டித்தான் பூச்சி தின்கிறது. கடலை, அவரை போட்டிருந்தால் பயிருக்குமேல் ஓரிரு அடி உயரம் நிற்கும்படி ஏக்கருக்கு 20 பறவைத்தாங்கிகள் நடுங்கள். குச்சியின் மேல் குறுக்குக் கட்டை கட்டினால் அதுதான் தாங்கி. பகலில் கரிச்சானும் பனங்காடையும் அதில் உட்கார்ந்து புழு பிடிக்கும், இராத்திரியில் ஆந்தை எலி பிடிக்கும்.

சரி, வந்துவிட்டன. இனி எது எது என்று பார்ப்போம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் நிறத்தைத்தான் முதலில் சொல்வார்கள். “மஞ்சளா ஒரு குருவி” என்றால் அது தேன்சிட்டாக இருக்கலாம், மாம்பழச்சிட்டாக இருக்கலாம், மாங்குயிலாகவும் இருக்கலாம். நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அளவை முதலில் பிடியுங்கள்: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அடுத்து அலகு. குட்டையாகத் தடித்திருந்தால் தானியம் தின்னி, ஊசியாக வளைந்திருந்தால் தேன் குடிப்பது, கொக்கி போல நுனி வளைந்திருந்தால் வேட்டையாடுவது. அப்புறம் வால், அது நிற்கும் இடம், அங்கே என்ன செய்கிறது என்பது. ஒரே மின்கம்பியிலிருந்து கிளம்பிப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பினால், நிறமே தெரியாத எதிர்வெயிலில்கூட அது கரிச்சானோ பஞ்சுருட்டானோ என்று சொல்லிவிடலாம். வால் நுனி மீன்வால் மாதிரிப் பிரிந்திருந்தால் கரிச்சான். நடுவில் மெல்லிய கம்பி போல இறகு நீட்டியிருந்தால் பஞ்சுருட்டான்.

தேன்சிட்டில்தான் குழப்பம் அதிகம். ஆணுக்குத் தொண்டையும் பிட்டமும் மினுமினுக்க, வயிறு நல்ல மஞ்சளாக இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. உடம்பு மொத்தமும் கருநீலமாகப் பளபளத்தால் ஊதாத் தேன்சிட்டு. பெண்களுக்கு இந்தப் பளபளப்பு எதுவும் கிடையாது. தொண்டை சாம்பல் வெள்ளையாகவும் அதற்குக் கீழே மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டின் பெண், தொண்டையிலிருந்தே வெளிர் மஞ்சளாக இருந்தால் ஊதாவின் பெண். இனப்பெருக்கம் முடிந்ததும் ஊதாவின் ஆண் தன் பளபளப்பை உதிர்த்துவிட்டுப் பெண் போல ஆகிவிடும். தொண்டையின் நடுவில் மோவாயிலிருந்து வயிறுவரை கறுப்பாக ஒரு கோடு மட்டும் மிச்சமிருக்கும், அந்தக் கோட்டைப் பார்த்தால் போதும். ஆண் தேன்சிட்டு பைக் கண்ணாடியில் தன்னையே எதிரியாகப் பார்த்து மணிக்கணக்கில் கொத்தும். பாவம், கண்ணாடிமேல் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

குயிலில் கறுப்பாகச் சிவந்த கண்ணோடு இருப்பது ஆண். உடம்பெல்லாம் பழுப்பும் வெள்ளைப் புள்ளியுமாக இருப்பது பெண், அதை வேறு பறவை என்றே பலர் நினைக்கிறார்கள். வைரிக்கும் அக்காக்குயிலுக்கும் உருவம் அச்சு அசலாக இருக்கும், தேன்சிட்டும் சின்னானும்கூட ஏமாந்து கூச்சல் போடும். அலகைப் பாருங்கள், வைரிக்குக் கொக்கி, அக்காக்குயிலுக்கு நேரான மெல்லிய அலகு. சின்னானில் கொண்டை கறுத்து வாலடி சிவந்திருப்பது எல்லா ஊரிலும் உண்டு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் பாறைக் கரடுகளை ஒட்டி வீடு இருப்பவர்கள் மட்டும் கூடுதலாகக் கண்ணை விரித்து வையுங்கள். கொண்டையே இல்லாமல், தலையும் தொண்டையும் வாலடியும் மஞ்சளாக ஒரு சின்னான் தென்பட்டால் அது மஞ்சள்தொண்டைச் சின்னான், தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாதது.

கண்ணைவிடக் காது வேகமாக வேலை செய்யும். மாசி பங்குனி உச்சிவெயிலில் ‘டொக் டொக் டொக்’ என்று ஒரே சீராகக் கேட்பது செம்மார்புக் குக்குறுவான். தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் சத்தம் வரும் திசை மாறிக்கொண்டே இருக்கும். மரத்தின் உச்சியில் இலையில்லாத கிளையைத் தேடுங்கள், அங்கேதான் இருக்கும். செப்டம்பர் கடைசி முதல் வேலிக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்குவது போல ‘டக்… டக்’ என்று வந்தால், அது ஐரோப்பா, ஆசியாவின் வடக்கிலிருந்து வந்து சேர்ந்த நாணல் கதிர்க்குருவி. உருவத்தைக் காட்டவே காட்டாது, சத்தத்தை வைத்தே பதிவு செய்துகொள்ளலாம்.

இதே வலசைக் காலத்தில், அக்டோபரை ஒட்டி, ஆறுமணிக்குருவி இராத்திரியில் பறந்து களைத்துப்போய் வீட்டுக்குள் வந்து விழுவதுண்டு. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த வாலடி, வாலே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குக் குட்டை வால். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்று ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். தெளிந்ததும் சருகும் புதரும் உள்ள இடத்தில் திறந்துவிட்டால் போய்விடும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனுசன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. ஆனால் கிளிக்குஞ்சை எடுத்து வளர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42 எடுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி என்பதால் விடிகாலை மங்கலிலும் தெளிவு குறையாது. பத்து, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு தெரியும். போனில் மெர்லின் செயலி இலவசம், கத்தும் சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பாமல், அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தபின் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிப் பழகப் பொங்கல் நல்ல நேரம். 2015 முதல் ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, நான்கு நாளும் உங்கள் கொல்லையிலிருந்தே கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ணில் பட்ட, காதில் விழுந்த எல்லாவற்றையும் எத்தனை என்ற எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். காக்கையும் மைனாவும் சேர்த்தி. பெயர் தெரியாததை யூகித்துப் போடாதீர்கள், படம் எடுத்து வைத்துக்கொண்டு தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டு அப்புறம் ஏற்றலாம்.