வேதாகமக் கதைப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன்மாருக்கு, தாங்களே முன்பு விற்றுவிட்ட தம்பி யோசேப்பை ஏன் அடையாளம் தெரியவில்லை? பிள்ளைகள் இப்படிக் கேட்டால், முதலில் அவர்கள் கையில் உள்ள படத்தைப் பாருங்கள். கானானில் ஆடு மேய்த்தபோது இருந்த அதே தாடி, அதே நீள அங்கியோடு யோசேப்பு அதிபதியாக நின்றுகொண்டிருப்பார். பிள்ளைகளின் கேள்வி நியாயமானது. பார்வோன் முன் போவதற்கு முன்பு யோசேப்பு சவரம் செய்து உடை மாற்றிக்கொண்டார் என்று ஆதியாகமம் 41 சொல்கிறது. எகிப்திய அதிகாரிகள் மழித்த முகமும், வெள்ளை நார்த்துணி உடையும், பொய்முடியும், மை தீட்டிய கண்களுமாக இருந்ததைக் கல்லறை ஓவியங்களில் பார்க்கலாம். போதாக்குறைக்கு, யோசேப்பு அண்ணன்மாரோடு மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினார். இப்படி ஒரு யோசேப்பை வரைந்துவிட்டால், அந்தக் கேள்விக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

வரலாற்றோடு பொருந்திய படம் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். கதை ஏன் அப்படி நடந்தது என்பது படத்திலேயே தெரிந்துவிடுகிறது. கேட்ட வசனம் மறந்துபோகலாம், பார்த்த படம் மறப்பதில்லை. அதனால் தப்பான படம் வசனத்தின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வேதாகமம் முழுவதையும் ஒரே காலமாக நினைத்து வரைவது. ஆபிரகாமுக்கும் பவுலுக்கும் நடுவே ஏறக்குறைய 2000 ஆண்டுகள் இருக்கின்றன. ஆனாலும் படங்களில் இருவருக்கும் ஒரே அங்கி, ஒரே தலைத்துணி, ஒரே செருப்பு. பழங்காலச் சான்றுகள் கிடைக்காமல் இல்லை. எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்தில், கி.மு. 1900ஐ ஒட்டிய ஒரு கல்லறைச் சுவரில், ஆசியாவிலிருந்து எகிப்துக்கு வரும் ஒரு கூட்டம் வரையப்பட்டிருக்கிறது. பல வண்ணக் கோலமிட்ட உடைகள், கழுதைகள், யாழ் போன்ற ஒரு கருவி எல்லாம் அதில் உண்டு. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற முற்பிதாக்களின் கதையை வரைபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய படம் அது. யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா காலத்துக்கு, லாகீசு என்ற யூதா நகரின் முற்றுகையைக் காட்டும் சிற்பங்கள் இருக்கின்றன. கி.மு. 701இல் யூதாவின் மேல் படையெடுத்த அசீரிய ராஜா சனகெரிப், அவற்றை நினிவேயில் தன் அரண்மனைச் சுவர்களில் செதுக்கிவைத்தான். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள அந்தச் சிற்பங்களில், யூதாவின் பெண்கள் தலையிலிருந்து கீழ்வரை தொங்கும் நீண்ட துணியோடு நகரைவிட்டு வெளியேறுகிறார்கள். இயேசு வாழ்ந்த முதல் நூற்றாண்டுக்கு, சவக்கடல் அருகே உள்ள மசாதா கோட்டையில் கிடைத்த தோல் செருப்புகளும் துணிகளும் உதவும்.

காலம் குழம்பினால் சின்னச் சின்னப் பொருள்களும் காட்டிக்கொடுத்துவிடும். யோசேப்பை விற்ற 20 வெள்ளிக்காசுகளை வட்ட நாணயங்களாக வரைகிறார்கள். நாணயம் அடிக்கும் வழக்கமே கி.மு. 7ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தொடங்கியது, அதற்கு முன்பு வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். சாராளை அடக்கம் செய்ய வாங்கிய மக்பேலா நிலத்துக்கு ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்ததாகவே வசனமும் சொல்கிறது. அங்கே தராசு வரைய வேண்டும். தாவீதின் கையில் ரப்பர் கட்டிய கவட்டைவில் கொடுப்பதும் இதே வகை. அவர் சுழற்றியது இரண்டு கயிறுகளும் நடுவில் ஒரு பையும் உள்ள கவண். லாகீசில் கிடைத்த கவண்கற்கள் டென்னிஸ் பந்து அளவில் இருக்கின்றன. அதைப் படத்தில் சரியாகக் காட்டினால், அது விளையாட்டுச் சாமான் இல்லை, போர் ஆயுதம் என்பது தானாகப் புரியும்.

பின்னணியையும் விட்டுவிடக் கூடாது. இயேசு எருசலேமுக்குள் நுழையும் படத்தில் பொற்குவிமாடம் தெரிகிறதா? அது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய இஸ்லாமியக் கட்டடம். இயேசு பார்த்தது ஏரோது விரிவாக்கிக் கட்டிய ஆலயம். சாலொமோனின் ஆலயம் அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே பாபிலோனியரால் அழிந்துவிட்டது. வழியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் வயலில் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 1492க்கு முன் இஸ்ரவேல் மண்ணில் அவை இல்லை.

அடுத்த தவறு, வசனத்தைப் படிக்காமல் பழைய படத்தைப் பார்த்து வரைவது. கணினி உருவாக்கும் படங்களிலும் இதே சிக்கல்தான்: ஏற்கெனவே உள்ள படங்களிலிருந்து கற்றதால் பழைய தவறுகள் புதுப் பளபளப்போடு திரும்பி வருகின்றன. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. அவர்கள் வந்து சேர்ந்ததும் ஒரு வீட்டுக்கு, தொழுவத்துக்கு அல்ல. தானியேல் சிங்கக் கெபிக்குள் போடப்பட்டபோது இளைஞர் அல்ல. சிறைப்பட்டுப் போய் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, வயது 80ஐ ஒட்டி இருந்திருக்கும். நரைத்த தாடியோடு அவரை வரைந்து பாருங்கள், ராஜாவின் தடையை மீறி ஜன்னலைத் திறந்து ஜெபித்த அந்தப் பிடிவாதத்தின் கனம் வேறாகத் தெரியும்.

கடைசி இராப்போஜனம் இதில் தனியாகப் பேச வேண்டியது. உயர்ந்த மேஜை, ஒரே பக்கமாக வரிசையாக உட்கார்ந்த சீஷர்கள் என்பது ஐரோப்பிய ஓவியர்கள் தந்த காட்சி. அந்தக் காலத்து விருந்தில் தாழ்வான மேஜையைச் சுற்றி, இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, கால்களைப் பின்னால் நீட்டிக்கொள்வார்கள். இது தெரிந்தால்தான் ஒரு சீஷன் இயேசுவின் மார்பில் சாய முடிந்தது எப்படி என்று விளங்கும். பரிசேயன் வீட்டில் ஒரு பெண் இயேசுவின் பின்னால் நின்று, அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைத்ததும் அப்போதுதான் கண்முன் வரும். நாற்காலி போட்டுவிட்டால் அந்தக் காட்சி சாத்தியமே இல்லை.

சரி, எல்லாம் துல்லியமாகத் தெரியும் என்பதுபோல் காட்டுவதும் தவறுதான். கோலியாத்தின் உயரம் எபிரெய மூலத்தில் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது 3 மீட்டரை ஒட்டி வரும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் அது நான்கு முழமும் ஒரு சாணும், சுமார் 2 மீட்டர். எதை வரைந்தாலும், படத்தின் அடியில் ஒரு வரி குறிப்புப் போடுங்கள். இயேசுவின் முகத்தைப் பற்றிச் சுவிசேஷங்கள் எதுவும் சொல்லவில்லை. முதல் நூற்றாண்டு கலிலேயா யூதராக வரையுங்கள், அதற்கு மேல் 'இதுதான் அவர் முகம்' என்று யாரும் உரிமை கொண்டாட வேண்டாம்.

அப்புறம், தெரிந்த விவரம் அத்தனையையும் ஒரே படத்தில் திணித்து அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினால், பார்ப்பவர் பானையையும் விளக்கையும் எண்ணுவார், கதையை விட்டுவிடுவார். கதையின் திருப்பம் எந்த விவரத்தில் இருக்கிறதோ அது போதும். இயேசு புயலை அமர்த்திய கதைக்குப் படகின் அளவு போதும். 1986இல் கலிலேயாக் கடலின் கரைச் சேற்றில் கிடைத்த, ஏறக்குறைய அந்தக் காலத்துப் படகு 8 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் அகலமும்தான். அந்த அளவைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, இயேசுவும் பன்னிரண்டு சீஷர்களுமாகப் பதின்மூன்று பேரை உள்ளே நிறுத்துங்கள். அலை உள்ளே மோதும்போது பின்பக்கத்தில் ஒருவர் தலையணை வைத்துத் தூங்க எங்கே இடம் இருக்கும் என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். படத்தை அதன்பிறகு காட்டலாம்.