போன் வேலை எழுதிக் குடுக்கேக்க இதையும் சேத்து எழுதுங்கோ

அம்மாவுக்கோ கடைக்கு வாற ஆக்களுக்கோ போன்ல ஒரு வேலையை எப்பிடிச் செய்யிறது எண்டு எழுதிக் குடுக்கேக்க, எதைத் தட்டோணும் எண்டதோட நிப்பாட்டாம, தட்டினா ஸ்க்ரீன்ல என்ன வரும் எண்டதையும் அதே வரியில எழுதுங்கோ.

வெள்ளவத்தையில கம்யூனிகேஷன் கடை ஒண்டில பிரிண்ட் எடுக்க வட்ஸ்அப் வெப் (போன் வட்ஸ்அப்பக் கொம்பியூட்டர்ல பாக்கிற வழி) திறக்கிறத எடுங்கோவன்: "மேல இருக்கிற மூண்டு புள்ளியத் தட்டுங்கோ, சின்னப் பட்டியல் ஒண்டு விரியும், அதில லிங்க்ட் டிவைசஸ், பிறகு லிங்க் எ டிவைஸ், இப்ப கமரா திறக்கும் (சில போன் முதல்ல கைரேகை கேக்கும், பயப்படாதீங்கோ), அதைக் கொம்பியூட்டர்ல தெரியிற கியூஆர் கட்டத்துக்கு நேர பிடிச்சா உங்கட சட் எல்லாம் அங்க வரும்." கடைசியில லொக் அவுட் பண்ணுற வரியைக் கட்டாயம் போடுங்கோ, அது ஊர் ஆக்கள் எல்லாரும் பாவிக்கிற கொம்பியூட்டர்.

போன் பழக்கமில்லாத ஆக்களுக்குப் பெரிய பயமே "நான் செய்தது சரியோ" எண்டதுதான். சொன்னது அப்பிடியே ஸ்க்ரீன்ல வந்தா அடுத்ததத் தட்டத் தைரியம் வரும், வராட்டி எந்த இடத்தில பிழைச்சது எண்டு அவைக்கே விளங்கும், உங்களுக்கு கோல் எடுத்தாலும் "அந்தப் பட்டியல் வரேல்ல" எண்டு நேரா சொல்லுவினம், பாதி நேரம் மிச்சம்.

அடிக்கடி அப்டேட்ல ஸ்க்ரீன் தோற்றம் மாறுற செயலிகளுக்கு இது சரிவராது, எழுதினது பழசாகி ஆக்களக் குழப்பிவிடும். அண்ட்ரொய்டுக்கு எழுதினத ஐபோன்காரருக்கும் குடுக்காதீங்கோ, பட்டன் இருக்கிற இடம் வேற.