குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் ஏ.ஏ. கூட்டத்தைக் கண்டறிந்து சேர்வது எப்படி?

குடியை விட வேண்டும் என்று மனதார முடிவெடுத்தவர்களில் பலர், சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களிலேயே மீண்டும் குடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவமனையில் கிடைத்த கவனிப்பு அங்கேயே முடிந்துவிடுவதும், அதன்பின் பேசுவதற்கு ஆள் இல்லாமல் போவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். அந்த இடைவெளியை நிரப்புவதற்கு, குடித்து மீண்டவர்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்தைவிட எளிதில் கிடைக்கக்கூடிய துணை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டதில் தொடங்கிய இந்த அமைப்பின் கூட்டங்கள், இன்று தமிழ்நாட்டில் சென்னை, கோவை போன்ற நகரங்களில் தமிழிலேயே நடக்கின்றன.

கூட்டத்தைத் தேடும் முன் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றோடு, முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், அதன்பின் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதும் வரக்கூடும். இவை உயிருக்கே ஆபத்தானவை. ஆகவே அப்படிப்பட்டவர் முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போதை மீட்பு மையத்துக்கோ சென்று, மருத்துவரின் மேற்பார்வையில்தான் குடியை நிறுத்த வேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல.

கூட்டம் நடக்கும் இடத்தை அறிய, இணையத்தில் ‘ஏ.ஏ. இந்தியா’ என்று உங்கள் ஊரின் பெயரோடு சேர்த்துத் தேடுவது முதல் வழி. ஆனால் அதைவிட நம்பகமானது, அருகிலுள்ள போதை மீட்பு மையத்தில் நேரடியாக விசாரிப்பதுதான். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற மையங்களுக்கு இத்தகைய குழுக்களைப் பற்றி நன்கு தெரியும். பல மையங்களுக்கு ஏ.ஏ. உறுப்பினர்களே வந்து உள்நோயாளிகளிடம் பேசுவதும் உண்டு. அப்படி வரும் ஒருவரிடம் விவரம் கேட்டால், எந்தக் கூட்டம் இப்போது நடக்கிறது, எது நின்றுபோனது என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவார். யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்கள், மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண்ணான 14446ஐ அழைக்கலாம். மன உளைச்சல் மிகுந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

முகவரி கிடைத்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ தேவாலய வளாகத்திலோ வாடகைக்கோ இரவலாகவோ பெற்ற இடத்தில் நடப்பதால், இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் ஒருவர், இரண்டாவது முறை முயல்வது அரிது. எனவே தொடர்பு எண்ணை அழைத்து, இந்த வாரம் கூட்டம் உண்டா, தமிழில் நடக்குமா, அது யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடியை விட விரும்புவோருக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்று கேளுங்கள். ‘நான் முதல்முறை வருகிறேன், வாசலில் யாராவது நிற்க முடியுமா?’ என்று கேட்கவும் தயங்க வேண்டாம். புதிதாக வருபவரை அழைத்துச் செல்வதைத் தம் மீட்சியின் ஒரு பகுதியாகவே உறுப்பினர்கள் கருதுகிறார்கள். பெண்கள், பேசுவதற்கு ஒரு பெண் உறுப்பினர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. நேரில் போக இயலாத பெண்களுக்கும், வெளிநாட்டில் தமிழ்க் கூட்டம் கிடைக்காதவர்களுக்கும் இணையவழிக் கூட்டங்கள் பெரும் உதவி.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம்தான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. சில பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் மீட்சிக்கு ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகள் எழுதிய பதாகை, பெரும்பாலும் ஒரு குவளைத் தேநீர்: இவ்வளவுதான் அங்கே இருக்கும். ஒருவர் எழுந்து தம் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தம் அனுபவத்தைப் பகிர்வார்; மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். நீங்கள் பேச வேண்டிய கட்டாயமில்லை. முழுப்பெயரோ வேலை விவரமோ சொல்ல வேண்டியதில்லை. அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது அவர்களின் உறுதியான மரபு. உறுப்பினர் கட்டணம் கிடையாது. சுற்றிவரும் பையில் விரும்பினால் போடலாம், புதியவர் போடாவிட்டாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. கூட்டத்தில் இறைவனைப் பற்றிய பேச்சு வரும் என்றாலும், எந்த மதத்தையும் ஏற்க வேண்டியதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி.

முதல் கூட்டம் மனதுக்கு ஒட்டவில்லை என்பதற்காக முழுவதையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஆகையால் வெவ்வேறு குழுக்களுக்கும் சில முறை போய்ப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். திரும்பும்போது இரண்டு மூன்று பேரின் கைபேசி எண்களை வாங்கிக்கொண்டு, குடிக்கத் தோன்றும் நேரத்தில் பாட்டிலைத் தொடுமுன் அவர்களில் ஒருவரை அழையுங்கள். சில வாரங்களில், நெடுநாள் குடிக்காமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது வழிகாட்டியாக, இருக்கும்படி கேட்கலாம். இடையில் ஒருமுறை குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குப் போகத் தடையில்லை.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழு இயங்குகிறது. ஏ.ஏ. தொடர்பு எண்ணிலேயே அதன் கூட்டத்தைப் பற்றியும் விசாரித்து, மனைவியோ தாயோ தாமாகவே முதலில் போகலாம்.