சதுரகிரி மலையேறும்போது பலரும் செய்யும் தவறுகள்

ஆடி அமாவாசை நெருங்கினால் போதும், விருதுநகர், மதுரை, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் சதுரகிரிக்கு வேன் பிடிக்கும் பேச்சு தொடங்கிவிடும். ஊர்க்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பாட்டி முதல் பேரன் வரை கிளம்புவார்கள். சித்தர்கள் தவம் செய்த மலை, சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் குடியிருக்கும் மலை. வத்திராயிருப்புக்கு மேற்கே தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறினால் கோயில் ஏழெட்டு கிலோமீட்டர். இந்தத் தூரத்தைக் கேட்டுத்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பழநி மாதிரி வரிசையாகக் கட்டின படி கிடையாது. பாறையும் வேரும் ஓடையுமாகப் போகும் காட்டுப் பாதை. நல்ல நடைக்காரருக்கே மூன்று மணி நேரம் ஆகும், வயதானவர்களுக்கு ஐந்து மணி நேரம்கூடப் பிடிக்கும்.

இந்த மலையில் பயப்பட வேண்டியது உயரத்துக்கு இல்லை, புலிக்கும் இல்லை, தண்ணீருக்குத்தான். வழியில் மாங்கனி ஓடை போல ஓடைகளை இறங்கித் தாண்ட வேண்டியிருக்கும். அடிவாரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், ஆனால் உள்மலையில் ஒரு மணி நேரம் மழை பெய்திருக்கும். அந்தத் தண்ணீர் முழுக்க இந்த ஓடைகளுக்குத்தான் வந்து சேர வேண்டும். 2015 மே மாதம் அமாவாசைக்குப் போனவர்கள் அப்படித்தான் திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள், உயிர்ச்சேதமும் ஆனது. நடந்தது மழைக்காலத்தில் இல்லை, கோடையில் என்பதைக் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்பது தப்புக்கணக்கு.

ஓடையைத் தாண்டுமுன் ஒரு நிமிடம் நின்று தண்ணீரைப் பாருங்கள். கண்ணாடி போல ஓடியது கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வருகிறதா? மேலே மலைப்பக்கம் இரைச்சல் கூடுகிறதா? அப்படியென்றால் காலை வைக்காதீர்கள். முழங்கால் அளவுதானே என்று கையைக் கோத்துக்கொண்டு இறங்குவதுதான் மிகப் பெரிய தவறு. அடியில் இருப்பது பாசி பிடித்த பாறை. ஒருவர் சறுக்கினால் கூடக் கோத்திருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போவார். மேட்டில் ஏறி உட்காருங்கள், மழை நின்று சில மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். மழை எச்சரிக்கை இருந்தால் வனத்துறையினர் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம் சார், கொஞ்சம் விடுங்க" என்று அங்கே மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சாமி எங்கேயும் போய்விடாது.

அடுத்தது நேரம். எந்த நாளில் மலையேற விடுவார்கள், எத்தனை மணிக்குக் கேட்டை அடைப்பார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷம் போய்வந்தவர் சொன்னதை நம்பி வேனை எடுக்காமல், கிளம்பும் முதல் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். எப்படியும் விடிகாலையில் அடிவாரத்தில் இருப்பது நல்லது. பத்து மணி வெயிலில் வழுக்குப்பாறையில் கை வைத்தால் சுடும்.

விரதம் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் ஏறுவதும் உண்டு. வீட்டில் இருக்கும் விரதம் வேறு, மலையேறும் விரதம் வேறு. பாதி வழியில் கண் இருட்டிக்கொண்டு வந்தால் நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இரண்டு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள், உப்புப் போட்ட மோர் கொண்டுபோங்கள். வழியில் ஊற்றுகள் இருக்கின்றன, ஆனால் கோடையில் வறண்டும் கிடக்கும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வேனில் விட்டுவிட்டு ஏறாதீர்கள். பையைச் சுமக்கும் பேரன் எப்போதும் முன்னால் ஓடிவிடுவான், அதனால் மாத்திரை அவரவர் மடியிலேயே இருக்கட்டும்.

சித்தரைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள் தனி ரகம். கோரக்கர் குகை, தைலக் கிணறு, நாயாகவோ பாம்பாகவோ உருமாறித் திரியும் சித்தர் என்று எத்தனையோ கதைகள் உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், தடத்தை விட்டு மட்டும் விலகாதீர்கள். மலைக்குள் செல்போன் சிக்னலை நம்பவும் முடியாது. மூலிகை பறிப்பதும் அப்படித்தான். இலையைப் பார்த்து "இது கருநொச்சி" என்று யாரோ சொல்ல, ஆளாளுக்கு வேரோடு பிடுங்கி மடியில் கட்டிக்கொள்கிறார்கள். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் காடு இது, தெரியாததை வாயில் போடுவது விஷப்பரீட்சை. இந்தப் பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். இங்கே செடி பறிப்பது சட்டப்படியும் குற்றம்.

காய்ந்த புல்லுக்கு நடுவே பாறைக்குப் பாறை சூடம் ஏற்றுவதையும் விட்டுவிடுங்கள். கோடையில் ஒரு பொறி போதும். குரங்குக்கு பிஸ்கட் நீட்டுகிறவர்கள், தங்களுக்குப் பின்னால் வரும் பெண்களின் பைக்குத்தான் உலை வைக்கிறார்கள்.

மேலே போன பிறகும் ஒரு தவறு நடக்கும். சாய்ந்த லிங்கமாக இருக்கும் சுந்தர மகாலிங்கத்தை வரிசையில் நின்று கும்பிட்டதும், களைப்பில் அப்படியே திரும்பிவிடுவார்கள். இடையன் பச்சைமால் ஆள் தெரியாமல் சிவனையே கம்பால் அடித்த கதை இவருக்கு உரியது. சந்தன மகாலிங்கம் இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் வரும். சிவனின் உடலில் பாதியைப் பெற உமையவள் சந்தனத்தால் லிங்கம் பிடித்துத் தவம் இருந்த இடம் என்பார்கள். ஏறும்போதே இதற்கும் நேரம் ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

இறங்குவது சுலபம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மூட்டு வலிப்பது, கணுக்கால் பிசகுவது எல்லாம் இறக்கத்தில்தான். சாமி கும்பிட்டாயிற்று என்ற தெம்பில் இளவட்டங்கள் பாறைக்குப் பாறை தாவி இறங்குவார்கள். சங்கிலிப்பாறைப் பக்கம் அந்த வேலையே வேண்டாம். சின்னச் சின்ன அடியாக, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, கம்பை முதலில் ஊன்றிவிட்டு இறங்குங்கள். கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரோடு தெம்பான ஆள் ஒருவர் கடைசியில் வரட்டும். சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் அடிவாரம் வந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேன் எங்கே நிற்கும் என்பதைக் காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். ஆடி அமாவாசையில் தாணிப்பாறையிலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும் வண்டியாகத்தான் நிற்கும், இருட்டில் உங்கள் வண்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது மலையேறுவதைவிடப் பெரிய பாடு.