எதில் வந்த லாபம்? ரிசல்ட்டில் இதர வருமானத்தைப் பிரித்துப் பார்க்கும் வழி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறேன். அக்கா மகனுக்குச் சரவணம்பட்டியில் ஐடி வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஷேர் வாங்குகிறான். “லாபம் கூடியிருக்குதுங் சித்தி, இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாங்களா?” என்பான். “எதுல வந்த லாபம் கண்ணு?” என்று கேட்டால் பதில் வராது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் சரக்கு அனுப்பி வந்த பணம் தொழில் வருவாய். கட்டிங் வேஸ்ட் விற்ற காசும், ஏற்றுமதிக்கு அரசு திருப்பித் தரும் வரியான டிராபேக்கும் அதோடு சேர்ந்தவைதான், தைக்காமல் அவை வராது. பேங்க் டெபாசிட் வட்டி அப்படியல்ல. மெஷின் ஓடாவிட்டாலும் வந்துகொண்டிருக்கும். அதுதான் இதர வருமானம்.

சரி, முதலில் என்எஸ்இ அல்லது பிஎஸ்இ பங்குச் சந்தையின் தளத்தில் கம்பெனி போட்டிருக்கும் காலாண்டு ரிசல்ட் பிடிஎஃப்பை எடுங்கள். கலர் படம் போட்ட விளக்க அறிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அட்டவணையில் முதலில் தொழில் வருவாய், அடுத்து இதர வருமானம், இரண்டையும் கூட்டி மொத்த வருமானம் என்று இருக்கும். தொழில் லாபத்தைப் பெரும்பாலும் தனியாகக் காட்டியிருக்க மாட்டார்கள், நாமே கணக்குப் போட வேண்டியதுதான். எக்செப்ஷனல் இனங்களுக்கும் (எப்போதாவது வரும் அசாதாரண வரவு செலவு) வரிக்கும் முந்தைய லாபத்தை எடுத்து, இதர வருமானத்தைக் கழித்து, நிதிச் செலவை (கடன் வட்டி போன்றவை) கூட்டுங்கள்.

சொமேட்டோவின் 2023-24 கணக்கைப் பாருங்கள். நிகர லாபம் 351 கோடி ரூபாய், இதர வருமானம் 847 கோடி. 2021இல் பங்கு வெளியிட்டுத் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி முதலீடாக இருந்து வருமானம் கொடுத்தது. அதை எடுத்துவிட்டால் அந்த வருடம் நஷ்டம். வட்டியும் கைக்கு வரும் காசுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு டெலிவரியில் சம்பாதித்தது என்று அதை எண்ணக் கூடாது.

அடுத்து, இதர வருமானத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வட்டி, மியூச்சுவல் ஃபண்ட் லாபம் போக, டாலரில் பில் போடும் பல ஐடி கம்பெனிகளில் அன்னியச் செலாவணி லாப நஷ்டமும் இங்கேதான் வரும். காலாண்டு அட்டவணையில் இப்படிப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இருக்காது, ஆண்டறிக்கையின் குறிப்புகளில் தேட வேண்டும்.

எனக்கு ஆகவே ஆகாதது, விற்காமலே வரும் மதிப்பு லாபம். அமேசான் கையில் ரிவியன் என்ற மின்சார வண்டிக் கம்பெனியின் பங்குகள் இருந்தன. 2021 நவம்பரில் ரிவியன் பங்குச் சந்தைக்கு வந்து விலை ஏறியது. அந்தக் காலாண்டில் அமேசானின் நிகர லாபம் சுமார் 1,430 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அதற்குள் வரிக்கு முந்தைய ரிவியன் மதிப்பு லாபமாகவே சுமார் 1,180 கோடி இருந்தது. தொழில் லாபம் 350 கோடிதான். அடுத்த காலாண்டில் ரிவியன் விலை விழுந்தது. மதிப்பு நஷ்டம் 760 கோடி, அமேசானுக்கு நிகர நஷ்டம் சுமார் 380 கோடி. அப்போதும் தொழில் லாபம் 370 கோடி டாலர்! வியாபாரம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, தலைப்புச் செய்தி மட்டும் தலைகீழானது. அமெரிக்கக் கணக்கு விதிப்படி, இப்படிப் பங்குச் சந்தையில் பட்டியலான பங்குகளின் விலை ஏற்ற இறக்கம் விற்காவிட்டாலும் நிகர லாபத்துக்குள் வந்துவிடும். அதனால் ஏறினாலும் இறங்கினாலும் இந்தத் தொகையை நான் ஒதுக்கிவிட்டுத்தான் பார்ப்பேன்.

ஒரே காலாண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். எட்டுக் காலாண்டுகளின் தொழில் லாபத்தையும் இதர வருமானத்தையும் அருகருகே எழுதிப் பார்த்தால் போதும். செப்டம்பர், மார்ச் ரிசல்ட்டுகளோடு, பணம் வந்து போனதைக் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கையும் வரும். அதில் கைக்கு வராத மதிப்பு லாபத்தைக் கழித்துக் காட்டியிருப்பார்கள். வாங்கிய வட்டி, முதலீட்டு நடவடிக்கைகள் என்ற பகுதியில் இருக்கும்.