மூன்று நாள் தொடர் விடுமுறையில் சுவான்சோ: பார்க்கவும் சாப்பிடவும் ஒரு வழிகாட்டி

மூன்று நாள் விடுமுறையில் சீனாவுக்குப் போய் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் பெய்ஜிங்கையோ ஷாங்காயையோதான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பெருநகரங்களில் கிடைக்கும் நேரத்தில் பாதி சுரங்க ரயிலிலும் நுழைவுச்சீட்டு வரிசையிலும் போய்விடும். தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியான் மாகாணத்தில் இருக்கும் சுவான்சோவின் அளவோ மூன்று நாளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. பழைய நகரத்தில் பார்க்க வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே நடக்கும் தொலைவில் இருப்பதால், சாப்பாட்டு நேரங்களை முதலில் முடிவு செய்துகொண்டு, அவற்றுக்கு இடையே கோயிலையும் மசூதியையும் அருங்காட்சியகத்தையும் வைத்துக்கொள்ளலாம். இந்த ஊருக்கு அந்த வரிசைதான் பொருத்தம் என்பது என் கருத்து.

சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் (10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) உலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக இருந்த ஊர் இது. அரபு வணிகர்களும் மார்க்கோ போலோவும் இதை ஜைத்தூன் என்று அழைத்தார்கள். ஊரைச் சுற்றி வளர்ந்திருந்த ‘சீத்தோங்’ மரத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அந்த மரம் வேறெதுவும் அல்ல, நாம் கல்யாண முருங்கை என்று சொல்லும் முள்முருங்கைதான். 2021இல் யுனெஸ்கோ இந்நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 22 இடங்களை ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ் வணிகர்கள் இங்கே குடியிருந்து சிவன் கோயில் கட்டினார்கள் என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தப் பயணத்தில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது.

பயணச்சீட்டு எடுக்கும்போது ஊரின் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள். குவாங்சோ என்பது தெற்கே குவாங்தோங் மாகாணத்தில் உள்ள வேறொரு பெருநகரம். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிவதால், அவசரத்தில் தேடுபவர்கள் சில நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கும் வாய்ப்பு உண்டு.

நகருக்கு அருகிலேயே ஜின்ஜியாங் விமான நிலையம் இருக்கிறது. அங்கே நேரடி விமானம் கிடைக்காதவர்கள் சியாமெனில் இறங்கலாம். சியாமென் வடக்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சுவான்சோவை அடையலாம். சியாமென் விமான நிலையம் தீவின் மேலும் வடக்கு ரயில் நிலையம் தீவுக்கு வெளியேயும் இருப்பதால், இரண்டுக்கும் இடையில் தாராளமாக நேரம் விடுங்கள். ரயில் சீட்டு 15 நாட்களுக்கு முன்பிருந்தே விற்பனைக்கு வரும். கடவுச்சீட்டே பயணச்சீட்டாகப் பயன்படும் என்பதால் அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம்.

புறப்படும் முன்பே, கைப்பேசியில் பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் உங்கள் வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். தெருவோரத்தில் ஒரு கிண்ணம் சூப் விற்பவர்கூட அட்டையைத் தொட மாட்டார், கியூஆர் குறியீட்டைத்தான் காட்டுவார். வெளிநாட்டு அட்டைக்கு ஒரு முறை செலுத்தும் தொகை 200 யுவானுக்குள் இருந்தால் கூடுதல் கட்டணம் கிடையாது. கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம். அங்கே அது தடுக்கப்பட்டிருப்பதோடு, வேறு வழியில் திறந்தாலும் தெருக்கள் இடம் மாறித் தெரியும். ‘அமேப்’ என்ற உள்ளூர் வரைபடச் செயலியைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. அக்டோபர் 1 முதல் வரும் தேசிய விடுமுறை வாரத்திலும், மே தின விடுமுறையிலும், சீனப் புத்தாண்டை ஒட்டியும் பழைய நகரத்தின் மேற்குத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம். நவம்பர், டிசம்பர், மார்ச் மாதங்கள் நடப்பதற்கு இதமானவை. தங்குமிடத்தைப் பழைய நகரத்துக்குள், மேற்குத் தெருவுக்கும் தூமென் தெருவுக்கும் நடுவே எடுங்கள். வெளிநாட்டவரைப் பதிவு செய்து தங்க வைப்பார்களா என்று சிறிய விடுதிகளிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தால் அன்று எதையும் பார்க்க முயல வேண்டாம். மேற்குத் தெருவில் நடந்து, ஏதாவது ஒரு தேநீர்க் கடையின் மொட்டை மாடியிலிருந்து கையுவான் கோயிலின் இரட்டைக் கோபுரங்களைச் செங்கல் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே பார்த்துவிட்டு, இரவு உணவுக்கு இஞ்சி வாத்து சாப்பிடுங்கள். ‘ஜியாங்மூயா’ என்று சொன்னால் போதும். இந்தக் கடைகளைத் தேடவே வேண்டியதில்லை. வாசலில் வரிசையாக அடுப்புகளின் மேல் மண்சட்டிகள் மூடியபடி கொதித்துக்கொண்டிருக்கும், நல்லெண்ணெயில் வதங்கும் முற்றிய இஞ்சியின் மணம் தெருமுனைவரை வரும். தண்ணீர் அதிகம் சேர்க்காமல், அரிசி மதுவிலும் எண்ணெயிலும் மெதுவாக வெந்த வாத்து அது. சட்டியின் அடியில் கிடக்கும் இஞ்சித் துண்டுகளை ஒதுக்கிவிடாதீர்கள், இறைச்சியைவிட அவைதான் சுவை.

சனிக்கிழமைக் காலை உணவு ‘மியென்ஷியென்ஹூ’. தலைமுடி அளவுக்கு மெல்லிய கோதுமைச் சேமியாவைக் குழம்பில் கரையவிட்டு, மாவு சேர்த்துக் கஞ்சிப் பதத்தில் வைத்திருப்பார்கள். பெரிய பாத்திரத்துக்கு முன்னால் சின்னச் சின்னத் தட்டுகளில் சிப்பி, குடல், ஈரல், வறுத்த இறைச்சி, முட்டை என்று அடுக்கியிருக்கும். வேண்டியதை விரலால் காட்டினால், கடைக்காரர் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, மேலே கஞ்சியை ஊற்றி, வெள்ளை மிளகுத் தூளைத் தூவித் தருவார். சேர்ப்பவை ஒவ்வொன்றுக்கும் தனி விலை என்பதால் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘யோதியாவ்’ என்ற எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டை அதில் முக்கிச் சாப்பிடுவதே வழக்கம். ஒன்பது மணிக்குமேல் நல்ல கடைகளில் சிப்பி தீர்ந்துவிடலாம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் மீ சுவா, போப்பியா, சிப்பி ஆம்லெட் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இங்கே பல தட்டுகள் பழைய அறிமுகமாகத் தோன்றும். அங்கே குடியேறிய ஹொக்கியன் (ஃபூஜியான்) மக்களில் பலரின் பூர்வீகம் இந்தப் பகுதிதான்.

அங்கிருந்து கையுவான் கோயிலுக்குப் போங்கள். 686இல் தொடங்கப்பட்ட புத்தக் கோயில் இது. இரண்டு கோபுரங்களும் 13ஆம் நூற்றாண்டில் முழுக்கக் கல்லால் கட்டப்பட்டவை. கிழக்கில் இருப்பது ஏறக்குறைய 48 மீட்டர் உயரம், மேற்கில் இருப்பது சற்றுக் குறைவு. 1604இல் வந்த பெரும் நிலநடுக்கத்திலும் இவை விழவில்லை. கூட்டம் கோபுரத்தின் முன் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். பின் தாழ்வாரத்தின் நடுவில் மற்றவற்றோடு ஒட்டாத இரண்டு பச்சை சாம்பல் நிறக் கல்தூண்கள் நிற்கின்றன. நம் ஊர் மண்டபத் தூண்களில் சதுரமும் பல பட்டை கொண்ட கட்டும் மாறி மாறி வருவதைப் போலவே இவற்றிலும் வருகிறது. சதுரங்களின் முகங்களில் வட்டத்துக்குள் செதுக்கிய சிற்பங்கள், இரண்டு தூண்களிலுமாக 24. இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், மருத மரங்களைச் சாய்க்கும் கண்ணன், முதலையிடமிருந்து மீட்கப்படும் யானை ஆகியவற்றைத் தமிழ்க் கண் உடனே அடையாளம் கண்டுகொள்ளும். இடிந்துபோன இந்துக் கோயில் ஒன்றின் கற்களை மிங் காலத்துத் திருப்பணியில் இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். முன்பக்க மேடையின் அடிவரிசையிலும் மனித முகம் கொண்ட சிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. அரை மணி நேரமாவது இங்கே செலவிடுங்கள்.

கோயில் வளாகத்திலேயே 1974இல் சுவான்சோ விரிகுடாவில் தோண்டி எடுத்த சோங் காலத்துக் கப்பல் ஒன்று இருக்கிறது. நீர் ஓர் அறையில் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாதபடி 13 அறைகளாகத் தடுத்துக் கட்டிய கப்பல் அது. அதனுள் கிடைத்த சரக்கில் அகிலும் சந்தனமும் மிளகும் பாக்கும் இருந்தன.

மதியம் உப்புச் சோறும் எலும்போடு வெந்த மாட்டிறைச்சியும் சாப்பிடுங்கள். இந்த ஊர் மாட்டிறைச்சியில் கறிமசாலா வாசம் அடிப்பதைக் கண்டு வியக்க வேண்டாம், தென்கிழக்கு ஆசியாவுக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்று சொல்வார்கள். பிறகு தூமென் தெருவில் 1009இல் கட்டிய சிங்ஜிங் மசூதியைப் பாருங்கள். தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, கல்சுவரும் வளைந்த சாளரங்களும் வானத்துக்குக் கீழே நிற்கின்றன. அதற்குச் சற்றுத் தள்ளியே ஊதுவத்திப் புகை மண்டிய, போர்வீரத் தெய்வமான குவான்தியின் கோயில் இருக்கிறது. மாலையில் கன்ஃபூசியஸ் கோயில் பக்கம் போனால், 2009இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற நான்யின் என்ற இப்பகுதி மரபிசையைக் கேட்கும் வாய்ப்பு உண்டு. மிக மெதுவான இசை இது. களைத்த காலோடு உட்கார்ந்து கேட்கப் பொருத்தமானது.

ஞாயிற்றுக்கிழமையை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கக் காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை அது மூடியிருக்கும். கடல்சார் அருங்காட்சியகத்தின் மதக் கற்கள் பகுதியில் அரபுக் கல்லறைக் கற்கள், தாமரையின் மேல் சிலுவை நிற்கும் கிறித்தவக் கற்கள் ஆகியவற்றோடு, லிங்கத்தை வழிபடும் யானை போன்ற இந்துக் கோயில் சிற்பங்களும் இருக்கின்றன. இவ்வூரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் இந்தக் கற்கள் பேசத் தொடங்கும். சக ஆண்டு 1203, அதாவது 1281ஆம் ஆண்டு சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், அரசர் நலமாக இருக்க வேண்டும் என்று திருக்கதலீச்சுரமுடையார் என்ற சிவபெருமானை இங்கே எழுந்தருளச் செய்ததைத் தமிழில் பதிந்து, அடியில் ஒரு சீன வரியும் சேர்த்த கல்வெட்டு அது. அந்த அரசர் அப்போது ஆண்ட குப்ளாய் கான் என்று கருதப்படுகிறது.

பிற்பகலில் வாடகைக் கார் பிடித்து லுவோயாங் பாலத்துக்குப் போங்கள். 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட கல்பாலம் அது. கடல் அலை அடித்துப் போகாமல் இருக்க, அடித்தளக் கற்களின் மேல் சிப்பிகளை வளரவிட்டு, அவற்றின் ஓடுகளாலேயே கற்களை ஒட்ட வைத்தார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால் படகு வடிவத் தூண்கள் முழுதாகத் தெரியும். திரும்பும் வழியில் சிப்பி ஆம்லெட் சாப்பிடத் தோன்றும், தடுக்க மாட்டேன். துணிவிருந்தால் ‘தூசுன்தோங்’ கேளுங்கள். கடற்புழுவை வேகவைத்துக் குளிர்ந்து உறைய விட்ட கூழ், புளிக்காடியோடும் பூண்டோடும் வரும். எனக்கு ஒன்றே போதுமானது.

சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இந்த ஊர் எளிதல்ல. காய்கறி மட்டும் தெரியும் கிண்ணத்திலும் பன்றிக் கொழுப்போ எலும்புச் சாறோ இருக்கக்கூடும். ‘வோ ச்சி ஸூ’, நான் சைவம் என்ற பொருள்தரும் சீன எழுத்துகளைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக் காட்டுங்கள். புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களே நம்பகமானவை, அங்கே வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். கடற்பாசியில் செய்த ‘ஷிஹுவாகாவ்’ கூழைத் தேனும் பழமும் சேர்த்துக் குளிரக் குளிரக் குடிக்கலாம். நிலக்கடலைச் சூப்பும் இருக்கிறது. கடலை ஒவ்வாதவர்கள் எங்கும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், இந்த ஊரில் கடலைத் தூள் எதில்தான் இல்லை.

திங்கட்கிழமை காலை மீதியிருந்தால் ஷுன்பூ மீனவக் கிராமம். பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரம் சூடுவது இங்கே நெடுநாள் வழக்கம். இப்போது சுற்றுலாப் பயணிகளும் கடைகளில் உட்கார்ந்து சூடிக்கொள்கிறார்கள். சீக்கிரம் போனால் சிப்பி ஓடுகளைப் பதித்துக் கட்டிய சுவர்களைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம்.

வாங்கிக்கொண்டு வர ஒன்றே ஒன்று சொல்வேன், தியெகுவான்யின் தேயிலை. அது விளையும் ஆன்ஷி மாவட்டம் சுவான்சோவின் நிர்வாகத்தின் கீழ்தான் வருகிறது. கடையில் உட்கார வைத்துச் சின்னக் கோப்பைகளில் ஊற்றித் தருவார்கள், குடித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். பச்சை வாசம் தூக்கலான வகையை ஊருக்கு வந்ததும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நெருப்பில் வாட்டிய வகை வெளியிலேயே கெடாமல் இருக்கும்.