ஹேண்டில்பார் சுவிட்ச் மாத்துறீங்களா, ஒயரப் பாத்துட்டு வாங்குங்க
சென்னை ஜிபி ரோட்டுலயோ புதுப்பேட்டையிலயோ சுவிட்ச் செட் வாங்கப் போறப்ப பழைய கப்ளர (ஒயர்கள சேர்க்குற பிளக்) போட்டோ எடுத்துக்கோங்க, நம்ம ஊரு பைக்ல ஹேண்டில்பார் பெரும்பாலும் 22 எம்எம் தான், ஆனா கப்ளர்ல பின் எண்ணிக்கை மாறும். வேலைக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க. ஒயர் கலர நம்பவே நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி வேற, மல்டிமீட்டர கன்டின்யூட்டில (ரெண்டு ஒயர் சேர்ந்தா பீப் அடிக்கிற மோடு) வெச்சு ஒவ்வொரு பட்டனா அமுக்கி எந்த ரெண்டு ஒயர் சேருதுன்னு பாத்து பேப்பர்ல எழுதிக்கோங்க, இதுக்குத்தான் நேரம் போகும், போனா போகட்டும். பெரிய ஹாரன், ஃபாக் லைட்னா ரிலே (சின்ன கரன்ட்ல பெரிய கரன்ட ஆன் பண்ற சுவிட்ச்) கட்டாயம், அந்த குட்டி பட்டன் அவ்ளோ கரன்ட் தாங்காது. ஜாயின்ட்ட சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கி இறுக்குற ட்யூப்) போடுங்க, வெறும் டேப்லாம் நவம்பர் மழைக்கு நிக்காது. கடைசியா ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, ஒயர் இழுக்கக்கூடாது, ஆக்ஸிலேட்டர் தானா திரும்பி வரணும்.